உளவும் உளமும்

ஓர் அரசின் உளவுத்துறைக்குரிய பணிகள் இரண்டு. செய்தியைத் திரட்டுவது ஒன்று. திரட்டிய செய்தியை எடைபோட்டு அதன் பொருளை உரைப்பது மற்றொன்று. முன்னதைப் பற்றிக் கதைகளும் திரைப்படங்களும் ஏராளம். பின்னதோ மேசைமுன் அமர்ந்து தாள்களைப் புரட்டும் வேலை. அதில் சாகசம் எதுவும் இல்லை. ஆயினும் நாடுகள் எதிர்பாராத தாக்குதலுக்கு ஆளான வரலாறுகளைப் படிப்போர் ஓர் உண்மையைக் காண்பர். செய்தி வராமையால் விளைந்த கேட்டுக்குச் சற்றும் குறையாதது, வந்த செய்தியைத் தவறாக எடைபோட்டதால் விளைந்த கேடு.

வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் கூற்று ஒத்திருந்தால் அதனைத் தெளியலாம் என்றும் அங்கே நெறி சொல்லப்படுகிறது. ஒற்றன் பொய்யுரைக்கக் கூடும் என்னும் ஐயத்துக்கு இது தக்க மருந்தேயாகும். ஆனால் மூன்று ஒற்றரும் மெய்யே உரைத்திருக்க, அதனைக் கேட்பவரின் மனமே ஒருபக்கம் சாய்ந்திருக்குமாயின் என் செய்வது? இக்கால உளவியலார் கையில் எடுத்துக்கொண்ட வினா இதுவேயாகும். அதற்கு விடை காண அவர்கள் கைக்கொண்ட வழி பாவனைப் பயிற்சி. உண்மை நிகழ்ச்சியைப் போன்ற ஒரு கற்பனைச் சூழலை அமைத்து, அதில் ஆய்வாளரை இறக்கி, அவர் மனம் எங்கே வழுக்குகிறது என்று பார்ப்பதே அவ்வழி. அந்த வழியின் சிறப்பும் குறையும் ஆராயத்தக்கவை.

மனச்சாய்வு என்பது யாது?

அமெரிக்க மத்திய உளவுத்துறையான சி.ஐ.ஏ.வில் நெடுங்காலம் பணியாற்றிய ரிச்சர்ட்ஸ் ஹோயர் என்பார் 1978 முதல் 1986 வரை அத்துறையினருக்காக எழுதிய கட்டுரைகள், 1999இல் ‘உளவு ஆய்வின் உளவியல்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளிவந்தன. இத்துறையில் புகுவோர் முதலில் கற்கும் நூல்களுள் அது ஒன்று. மனம் ஒரு கருத்தை விரைவில் பற்றிக்கொள்கிறது. பற்றியதை எளிதில் விடுவதில்லை என்பது அந்நூலின் அடிப்படை. தன் எண்ணத்துக்கு ஒத்த செய்தியை நாடுவதும், ஒவ்வாத செய்தியை ஒதுக்குவதும், முதலில் கேட்ட எண்ணையே சுற்றிவருவதும், பிறன் தன்னைப் போலவே எண்ணுவான் என்று கருதுவதும் மனச்சாய்வின் பல வடிவங்கள். இவை சோம்பலாலோ தீய நோக்கத்தாலோ வருபவை அல்ல. நேர்மையும் உழைப்பும் உடையாரிடத்தும் காணப்படுவன. கண்ணை ஏமாற்றும் கோட்டுப்படத்தில், இரு கோடுகளும் ஒரே நீளம் என்று தெரிந்த பின்னும் ஒன்று நீண்டே தோன்றுவது போல, சாய்வு உண்டு என்று அறிந்த மாத்திரத்தில் சாய்வு நீங்குவதில்லை என்கிறார் ஹோயர்.

இதனை மெய்ப்பிப்பது எங்ஙனம்? நடந்துபோன தவறுகளை எடுத்து அலசலாமே எனின், அங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. முடிவு தெரிந்த பிறகு எல்லாம் எளிதாகவே தோன்றும். பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்னும் உளவியலார் 1975இல் வெளியிட்ட சோதனை இதற்குச் சான்று. 1814இல் ஆங்கிலேயருக்கும் நேபாளத்துக் கூர்க்கருக்கும் மூண்ட போரைப் பற்றிய குறிப்பொன்றைப் படிக்கக் கொடுத்து, வெவ்வேறு குழுவினரிடம் வெவ்வேறு முடிவுகளை ‘நடந்த முடிவு’ என்று சொல்லிவைத்தார். எந்த முடிவு சொல்லப்பட்டதோ, அந்த முடிவே நேரக்கூடியது என்று தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும் என அந்தந்தக் குழுவினர் மதிப்பிட்டனர். ஆகவே நடந்த தவறை ஆராயப் புகும் அறிஞரும் ஒரு மனச்சாய்வோடுதான் புகுகிறார். முடிவு தெரியாத நிலையில் மனம் எப்படி இயங்குகிறது என்று காண, முடிவை மறைத்துவைத்த ஒரு களம் வேண்டியதாயிற்று.

சிறிய களமும் பெரிய களமும்

அத்தகைய களங்களுள் மிகச் சிறியது, பீட்டர் வேசன் 1960இல் அமைத்தது. 2, 4, 6 என்னும் மூன்று எண்களைக் காட்டி, இவை ஒரு விதிக்கு உட்பட்டவை, அவ்விதி யாது என்று கண்டுபிடியுங்கள் என்றார். வேறு மூன்று எண்களைச் சொல்லிப் பார்க்கலாம். அவை விதிக்குப் பொருந்துமா, பொருந்தாவா என்று அவர் கூறுவார். பெரும்பாலோர் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் தம் ஊகத்துக்கு ஒத்த எண்களையே அடுக்கினர். ஒவ்வொரு முறையும் ‘பொருந்தும்’ என்ற விடை வர, அவர்கள் நம்பிக்கை வளர்ந்தது. உண்மையான விதியோ, ஏறுவரிசையில் அமைந்த எவையேனும் மூன்று எண்கள் என்பதுதான். 29 பேரில் முதன்முறை விடை கூறியபோதே சரியாகக் கூறியவர்கள் 6 பேரே. 3, 2, 1 என்று தம் ஊகத்தை உடைக்கும் எண்களைச் சொல்லிப் பார்க்கும் துணிவு மற்றவர்க்கு வரவில்லை.

பெரிய களங்கள் பின்னர் வந்தன. அமெரிக்க உளவுத்துறைகளுக்கான உயராய்வு நிறுவனமான ஐயார்ப்பா, 2011ஐ ஒட்டிச் ‘சிரியஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மனச்சாய்வைக் குறைக்கும் கணினி விளையாட்டுகளை உருவாக்கச் செய்தது. அவற்றுள் ஒன்றில், காணாமற்போன அண்டைவீட்டாரைத் தேடும் பொறுப்பு ஆடுபவரைச் சேர்கிறது. தடயங்களைப் பார்த்து அவர் முடிவுகள் எடுக்கிறார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும், எந்த இடத்தில் எந்தச் சாய்வு அவரை இழுத்தது என்று எடுத்துக்காட்டப்படுகிறது. மோர்வெட்ஜ் முதலியோர் 2015இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இவ்விளையாட்டுகளை ஆடினோர் ஆடி முடித்தவுடன் ஏறத்தாழ 32 விழுக்காடும், சில வாரங்கள் கழித்து ஏறத்தாழ 24 விழுக்காடும் சாய்வு குறைந்து காணப்பட்டனர். அதே பாடத்தைப் படமாகக் கண்டவர்களிடம் இக்குறைவு ஏறத்தாழ 19 விழுக்காடே. 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், பயிற்சி பெற்ற மேற்பட்டப் படிப்பு மாணவர்கள், தொடர்பே இல்லாதது போல் தோன்றிய வேறொரு வணிகப் பயிற்சியில், தம் ஊகத்தை உறுதிசெய்யும் தவறான முடிவைத் தேர்வது 29 விழுக்காடு குறைந்தது.

இவை எளிதில் தள்ளத்தக்க முடிவுகள் அல்ல. தவற்றைச் செய்ய விட்டு, செய்த உடனே சுட்டிக்காட்டித் திருத்துவது விரிவுரையைவிடப் பயன் தரும் என்பது வகுப்பறையில் நின்ற எவருக்கும் தெரிந்ததே. ஆராய்ச்சியால் அது அளந்து காட்டப்பட்டிருக்கிறது என்பதே புதுமை.

மருந்தையே சோதிக்கும் களம்

பாவனைப் பயிற்சியின் தலையாய பயன், மனிதரைச் சோதிப்பதினும் மருந்தைச் சோதிப்பதில் விளங்குகிறது. மனச்சாய்வுக்கு மாற்றாக ஹோயர் வகுத்த முறை, போட்டி ஊகங்களின் ஆய்வு எனப்படும். சாத்தியமான ஊகங்கள் அனைத்தையும் ஒரு கட்டத்தில் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு சான்றும் எந்த ஊகத்துக்கு மாறுபடுகிறது என்று குறித்து, மாறுபாடு மிகக் குறைந்ததை ஏற்பது அம்முறை. கேட்பதற்குச் சிறந்த முறையாகவே தோன்றுகிறது. பல ஆண்டுகள் உளவாய்வாளருக்குக் கற்பிக்கவும் பட்டது.

டேவிட் மான்டல், மன்தீப் தாமி முதலியோர், பணியிலிருக்கும் உளவாய்வாளர் 50 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு இம்முறையில் பயிற்சி அளித்து, கற்பனையான நான்கு குலத்தாருள் ஒரு மனிதன் எக்குலத்தவன் என்று மதிப்பிடச் சொன்னார்கள். 2018இலும் 2019இலும் வெளிவந்த அம்முடிவுகள் வியப்பளிப்பன. பயிற்சி பெற்றவர்கள் முறையின் படிகளை முழுமையாகப் பின்பற்றவில்லை. அவர்கள் மதிப்பீடு மற்றவரினும் துல்லியமாகவும் இல்லை. ஒன்றோடொன்று முரண்படுவது கூடியும் இருந்தது. ஆனால் பலருடைய மதிப்பீடுகளைக் கணக்கு முறையால் இணைத்தபோது துல்லியம் உயர்ந்தது. ஒரு சோதனை ஒரு முறைக்கு இறுதித் தீர்ப்பாகாது. ஆயினும் நல்லறிஞர் ஒருவர் நல்லெண்ணத்துடன் வகுத்த மருந்தாயினும், களத்தில் வைத்துப் பார்க்காமல் பிணியாளருக்குப் புகட்டலாகாது என்பதை இது தெளிவாக்குகிறது.

விடை யார் கையில்?

இத்துணைச் சிறப்பும் உடைய பாவனைப் பயிற்சியில் குறை யாது? வினாத்தாளை அமைப்பவர் விடையைத் தெரிந்தே அமைக்கிறார் என்பதே முதற்குறை. கற்பனைக் கோப்பில் உள்ள ஒவ்வொரு தாளும் ஒரு காரணம் பற்றி வைக்கப்பட்டது. உண்மையான உளவாய்வாளரின் மேசையில் குவியும் தாள்களோ அத்தகையன அல்ல. அவற்றுட் பல எதற்கும் பயன்படாதவை. சில எதிரியே ஏமாற்றுவதற்காக விட்டவை. முதன்மையானது வராமலே போகலாம். மேலும் விளையாட்டில் தவறுபவர் மதிப்பெண் இழக்கிறார். அலுவலகத்தில் மேலதிகாரியின் கருத்துக்கு மாறாக எழுதுபவர் பதவி உயர்வை இழக்கக்கூடும். இந்த அச்சத்தை எந்தக் கணினியும் பாவனை செய்து காட்டுவதில்லை. ஆடுபவருட் பலர் உளவாய்வாளரும் அல்லர், கல்லூரி மாணவர்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. ஆடுபவரின் சாய்வை அளக்கும் களத்தில், களத்தை நடத்துபவரின் சாய்வை அளப்பார் யார்? போர்ப்படைகள் நடத்திய பாவனைப் போர்கள் இவ்வினாவை நன்கு விளக்குகின்றன.

1942 மே மாதத் தொடக்கத்தில், ஜப்பானியக் கடற்படையினர் ‘யமாத்தோ’ என்னும் போர்க்கப்பலில் மிட்வே தீவுத் தாக்குதலை மேசைமேல் ஆடிப் பார்த்தனர். அதனை நடத்தியவர் கூட்டுக் கடற்படையின் தலைமை அலுவலரான மத்தோமே உகாக்கி. பேர்ல் துறைமுகத் தாக்குதலின் விமானப் படையை முன்னின்று நடத்திய புச்சிடா, ஒக்குமியா என்பாருடன் இணைந்து 1951இல் வெளியிட்ட நூல் அதில் நடந்ததைக் கூறுகிறது. தீவிலிருந்து எழுந்த அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதாக வைத்து நடுவர் பகடை உருட்டினார். ஒன்பது குண்டுகள் பட்டன. அக்காகி, காகா என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின என்பது தீர்ப்பு. உகாக்கி குறுக்கிட்டு, ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அக்காகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மீண்டும் கடலில் மிதந்தது. 1942 சூன் 4இல் தொடங்கிய உண்மைப் போரில் அவ்விரண்டோடு சோரியு, ஹிரியு என்பனவும் சேர்ந்து நான்கு கப்பல்கள் அழிந்தன.

உகாக்கியை வெறும் மூடர் என்று தள்ளுவது நேர்மையாகாது. பகடை என்பது தற்செயல். பொருந்தாத எண் விழுந்தால் திருத்துவதற்கு நடத்துபவருக்கு உரிமை உண்டு. உண்மைப் போரில் தீவிலிருந்து எழுந்த விமானங்கள் ஒரு குண்டைக்கூட ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்மேல் போடவில்லை. அழித்தவை அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள். அவ்வகையில் உகாக்கியின் திருத்தம் கணக்குப் பிழையன்று. ஆனால் ஆட்டம் எழுப்பிய வினா எத்தனை குண்டு என்பதன்று. தீவைத் தாக்கிக்கொண்டிருக்கும் வேளையில் கப்பல்களே எதிர்பாராமல் தாக்கப்பட்டால் என் செய்வது என்பதே அவ்வினா. எண்ணைத் திருத்தியபோது அவ்வினாவும் மேசையிலிருந்து அகற்றப்பட்டது. மூழ்கிய கப்பலை மிதக்கவிட்டதற்கோ கணக்கு நியாயமும் இல்லை.

இது ஒரு நாட்டாருக்கோ ஒரு காலத்துக்கோ உரிய குறையன்று. 60 ஆண்டுகள் கழித்து, 2002இல், அமெரிக்கப் படையினர் 25 கோடி டாலர் செலவில் ‘மில்லேனியம் சேலஞ்ச்’ என்னும் பாவனைப் போரை நடத்தினர். எதிரிப் பக்கத்துக்குத் தலைமை ஏற்ற ஓய்வுபெற்ற தளபதி பால் வான் ரைப்பர், ஒட்டுக்கேட்கப்படாதிருக்க மோட்டார் சைக்கிள் தூதர் வழி ஆணைகளை அனுப்பி, ஏவுகணைகளாலும் சிறு படகுகளாலும் திடீரென்று தாக்கி 16 கப்பல்களை மூழ்கடித்தார். ஆட்டம் நிறுத்தப்பட்டது, கப்பல்கள் மீண்டும் மிதந்தன, எதிரிப் பக்கத்தின் கைகளைக் கட்டும் விதிகள் வந்தன. எஞ்சிய நாள்களில் சோதிக்கவேண்டியவை பல இருந்தன என்பது நடத்தியவர் கூறிய சமாதானம். வான் ரைப்பர் தம் பொறுப்பிலிருந்து விலகினார்.

மலாயா கற்ற பாடம்

நேர்மையாக நடத்தப்பட்டு, சரியான விடையையும் தந்த பயிற்சி என்ன ஆகும்? அதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. 1937இல் மலாயாவின் படைத்தலைவராயிருந்த டாபி, தம் தலைமை அலுவலர் பெர்சிவலிடம், ஜப்பானியரின் இடத்திலிருந்து சிங்கப்பூரைப் பிடிக்கத் திட்டமிடுமாறு பணித்தார். எதிரியின் சட்டையை அணிந்து சிந்திக்கும் பாவனைப் பயிற்சியே இது. காடு ஊடுருவ முடியாத அரண், வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் வழியே படை இறங்காது என்னும் எண்ணங்கள் பரவியிருந்த காலம் அது. சயாமில் சிங்கோரா, பட்டாணி, மலாயாவில் கோத்தா பாரு ஆகிய இடங்களில் எதிரி இறங்கி, தீபகற்பத்தின் வழியே தெற்கு நோக்கி வரலாம். பருவக்காற்று அதனைத் தடுக்காது. மறைத்துத் துணைசெய்யவும் கூடும் என்பது அந்த மதிப்பீட்டின் சாரம்.

1941 டிசம்பர் 8இல், பருவக்காற்று வீசிய வேளையிலேயே, அந்த மூன்று இடங்களிலும் ஜப்பானியர் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. சரணடைந்த படைத்தலைவர் அந்த மதிப்பீட்டை எழுதிய பெர்சிவலே.

சரியான விடை கையில் இருந்தும் பயனற்றுப் போனதற்கு மனச்சாய்வு ஒன்றையே காரணமாக்குவதும் பிழை. இங்கிலாந்து தன் உயிருக்கே போராடிக்கொண்டிருந்தது. விமானங்கள் வேறு களங்களுக்குச் சென்றன. மலாயாவுக்கு 336 விமானங்கள் வேண்டும் என்று 1940இல் இலண்டனில் வகுத்த கணக்கு, போர் தொடங்கிய நாளில் 158 ஆக நின்றது. ஆயினும் ஜப்பானியரின் திறமையைத் தாழ்வாக மதித்த எண்ணம், இந்தப் பற்றாக்குறையோடு அமைதியாக உறங்கிக் கிடக்க அதிகாரிகளுக்குத் துணைசெய்தது என்பதை மறுக்க இயலாது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் கணக்கு வகுத்தவர்கள் அல்லர். தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரும், சிங்கப்பூரில் வதையுண்டு மாண்ட சீனக் குடும்பத்தினரும், சிறைப்பட்ட படைவீரரும் கொடுத்தனர்.

நம்பத்தக்க களம் எது?

இவற்றைச் சேர்த்து நோக்கின் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. விடை, களத்தை நடத்துபவரின் கைக்கு எவ்வளவு எட்டாமல் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அக்களம் நம்பத்தக்கது.

ஹோயரின் நூலே எடுத்துக்காட்டும் ஒரு சோதனை இதற்கு நல்ல மாதிரி. குதிரைப் பந்தயத்தில் கைதேர்ந்த எட்டுப் பேரிடம், முன்பு நடந்துமுடிந்த 40 பந்தயங்களின் குறிப்புகள், எந்தப் பந்தயம் என்று தெரியாதபடி அடையாளம் நீக்கித் தரப்பட்டன. முதலில் 5 குறிப்புகள், பிறகு 10, 20, 40 என்று கூட்டிக்கொண்டே போயினர். குறிப்புகள் கூடக் கூட அவர்களுக்குத் தம் கணிப்பின்மேல் நம்பிக்கை கூடியது. கணிப்பின் துல்லியமோ கூடவில்லை. செய்தி பெருகினால் தெளிவு பெருகும் என்று நம்பும் உளவுத்துறைகளுக்கு இதனினும் கசப்பான மருந்து இல்லை. இந்தச் சோதனையில் விடையை ஆராய்ச்சியாளர் இயற்றவில்லை; குதிரைகள் ஓடி இயற்றின. அதனால்தான் அதன் தீர்ப்பை எவரும் திருத்திக்கொள்ள இயலவில்லை. 2011 முதல் 2015 வரை ஐயார்ப்பா நடத்திய முன்கணிப்புப் போட்டியும் இவ்வகையினதே. உலக நிகழ்ச்சிகளைப் பற்றி வினா எழுப்பி, கணிப்பை எண்ணால் குறிக்கச் செய்து, உலகமே விடை தரும்வரை காத்திருந்தனர். அங்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பயிற்சிகூடக் கணிப்பைச் சற்றுத் திருத்தியது என்று டெட்லாக், மெல்லர்ஸ் ஆகியோர் காட்டினர். விடை உலகத்தின் கையில் இருந்தமையால் அந்த முடிவுக்கு மதிப்பு மிகுதி.

ஆகவே பாவனைப் பயிற்சியை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குவாரும், சாய்வை ஒழித்துவிடும் மந்திரம் என்று போற்றுவாரும் ஒருசேரத் தவறுகின்றனர். கற்பனைக் கோப்புகளோடு, பெயரும் நாளும் நீக்கிய பழைய உண்மைக் கோப்புகளையும் ஆய்வாளர்முன் வைக்கவேண்டும். ‘இச்சான்றுகளைக் கொண்டு முடிவு சொல்ல இயலாது’ என்பதே சரியான விடையாகும் கோப்புகளும் அவற்றுள் இருக்கவேண்டும். நடுவரின் தீர்ப்பு மாற்றப்பட்டால், மாற்றியவர் பெயரும் காரணமும் ஏட்டில் ஏறவேண்டும். எல்லாவற்றினும் மேலாக, இளைய ஆய்வாளரை மட்டும் களத்தில் இறக்கிவிட்டு, முடிவெடுக்கும் தலைவர் பார்வையாளர் இருக்கையில் அமரலாகாது. இதுவரை வந்துள்ள ஆராய்ச்சி பெரும்பாலும் அறிக்கை எழுதுபவரின் மனத்தையே அளந்திருக்கிறது; அதனைப் படித்துத் தள்ளுபவரின் மனம் இன்னும் போதிய அளவு அளக்கப்படவில்லை. 1937இல் எழுதியவர் சரியாகவே எழுதினார். இனி அமைக்கப்படும் களங்கள், படிப்பவரையும் ஆடுபவராக உள்ளே அழைக்கவேண்டும்.